வெயிலுக்குப் போனால் சில நொடி, இருட்டுக்கு வந்தால் அரைமணி: கண் ஏன் இப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிய வெயிலில் இருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரிவதில்லை. வீட்டுக்குள் இருந்து வெயிலுக்குப் போனால் கண் கூசுகிறதே தவிர, சட்டென்று சரியாகிவிடுகிறது. கண்மணி சுருங்குவதும் விரிவதும்தானே விஷயம், இரண்டுக்கும் ஒரே நேரம்தானே ஆக வேண்டும் என்பது கேள்வியின் முதல் பாதி. இரண்டாவது பாதி கேட்டவருடைய அப்பாவைப் பற்றியது. 62 வயது, ராத்திரி கடலூரில் கடையை மூடிவிட்டு கிருமாம்பாக்கத்துக்கு பைக்கில் வருகிறார். எதிரே வரும் வண்டியின் லைட் கடந்துபோன பிறகும் சில நொடிக்கு ரோடே தெரியவில்லை என்கிறார். இது வயசா, நோயா?

நான் கடலூரில் கண் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவன். இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் அடிக்கடி வரும். கேட்கிற எல்லோரும் கண்மணியில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் கண்ணாடியில் பார்த்தால் தெரிவது அது ஒன்றுதான். அதனால் முதலில் கண்மணியை அதற்குரிய இடத்தில் வைத்துவிடுவோம்.

கண்மணி என்பது ஓர் ஓட்டை. அதைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள வளையத்தில் இரண்டு தசைகள் இருக்கின்றன; ஒன்று சுருக்கும், ஒன்று விரிக்கும். நன்றாகச் சுருங்கினால் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டர். இளம் வயதில் முழுதாக விரிந்தால் சுமார் 8 மில்லிமீட்டர். விட்டம் 4 மடங்கு என்றால் பரப்பளவு 16 மடங்கு. கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தை அதிகபட்சம் 16 மடங்கு கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான் அதன் கையில் இருக்கிறது.

வெளியே வெளிச்சம் மாறும் அளவைப் பாருங்கள். கடலூர் சில்வர் பீச்சில் உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). ட்யூப்லைட் போட்ட வீட்டுக் கூடம் 100, 200 லக்ஸ். பௌர்ணமி நிலா கால் லக்ஸ் இருந்தால் பெரிது. நிலா இல்லாத நட்சத்திர இரவில் ஒரு லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். வெயிலுக்கும் நட்சத்திர வெளிச்சத்துக்கும் இடையே 10 கோடி மடங்கு. இரண்டிலும் நாம் தட்டுத்தடுமாறியாவது நடந்துவிடுகிறோம். 16 மடங்கு எங்கே, 10 கோடி மடங்கு எங்கே! மீதி வேலை முழுவதும் கண்ணின் பின்சுவரில், விழித்திரையில் நடக்கிறது.

நம்பாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. ராத்திரி நல்ல வெளிச்சமான அறையில் உட்காருங்கள். ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து இடது கண்ணை மட்டும் வெளிச்சம் கசியாமல் மூடுங்கள். இருபது நிமிடம் டிவி பாருங்கள், பேப்பர் படியுங்கள். அப்புறம் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து பாருங்கள். இடது கண்ணில் பீரோ தெரியும், கட்டில் விளிம்பு தெரியும், ஜன்னல் கம்பி தெரியும். வலது கண்ணில் கும்மிருட்டு. முதல்முறை செய்கிறவர்களுக்கு வலது கண் பார்வை போய்விட்டதோ என்று திக்கென்றுகூட இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இரண்டு கண்மணிகளும் அப்போது ஒரே அளவில்தான் இருக்கும். கண்மணிகள் நரம்பு வழியாக ஒன்றோடு ஒன்று பிணைக்கப்பட்டவை. நாங்கள் பரிசோதனையில் பென் டார்ச்சை வலது கண்ணில் அடிப்போம். இடது கண்மணியும் சேர்ந்து சுருங்கும். அடித்து ஏறத்தாழ கால் நொடியில் சுருங்கத் தொடங்கி, ஒரு நொடிக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். டார்ச்சை ஒரு கண்ணில் இருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டும்போது, ஒரு கண்மணி மட்டும் சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தால் அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். அது வேறு கதை. இங்கே தேவையானது இது: இரண்டு கண்மணியும் சம அளவில் விரிந்திருக்க, ஒரு கண் பார்க்கிறது, இன்னொன்று பார்க்கவில்லை. ஆகவே வித்தியாசம் கண்மணியில் இல்லை. இருட்டுக்குப் பழகுவது ஒவ்வொரு விழித்திரையும் தனித்தனியாகச் செய்துகொள்ளும் காரியம்.

இன்னொரு சாட்சியும் தினமும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து போடுவோம். இருபது, முப்பது நிமிடத்தில் கண்மணி அகலத் திறந்து அப்படியே நின்றுவிடும். எவ்வளவு வெளிச்சம் அடித்தாலும் சுருங்காது. அந்தக் கண்ணோடு திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்குள் வெளியே வருகிறவர் முதலில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார். கூச்சம் போகாது. ஆனாலும் ஓரிரண்டு நிமிடத்தில் பஸ் எது, ஆட்டோ எது, எதிர்க்கடைக்காரர் யார் என்று அவருக்குத் தெரியத்தான் செய்கிறது. அதே ஆள் இருட்டான சினிமா தியேட்டருக்குள் போனால், கண்மணி ஏற்கெனவே முழுதாகத் திறந்திருந்தும், எல்லோரையும் போல அவரும் சீட்டைத் தடவிக்கொண்டுதான் போவார்.

சரி, விழித்திரைக்குள் போவோம். அங்கே வெளிச்சத்தைப் பிடிக்கும் செல்கள் இரண்டு வகை. கூம்பு செல்கள் 50, 60 லட்சம். பகலுக்கும் நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும் உரியவை. குச்சி செல்கள் 9 முதல் 12 கோடி வரை. மங்கலான வெளிச்சத்துக்கு உரியவை, நிறம் தெரியாதவை. ஒரு குச்சி செல் ஒளியின் ஒற்றைத் துகளுக்கே, அதாவது ஒரே ஒரு ஃபோட்டானுக்கே பதில் சொல்லிவிடும். 1942ல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் நியூயார்க்கில் ஆட்களை இருட்டில் உட்காரவைத்து அளந்து, மனிதக் கண் ஒரு மினுக்கலை உணர விழித்திரை பிடிக்கவேண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஃபோட்டான்களே என்று காட்டினார்கள். இதைவிடக் கூர்மையான கருவியை இயற்கை செய்ய முடியாது, ஏனென்றால் ஒரு ஃபோட்டானில் பாதி என்று ஒன்று கிடையாது.

அவ்வளவு கூர்மைக்கு ஒரு விலை இருக்கிறது. குச்சி செல்லுக்குள் ரோடாப்சின் என்ற செந்நிறப் பொருள் அடுக்கடுக்காக நிறைந்திருக்கிறது. ஒரு புரதம், அதற்குள் சொருகிய வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால், இரண்டும் சேர்ந்ததுதான் அது. வெளிச்சம் பட்டதும் வளைந்திருந்த ரெட்டினால் நிமிர்ந்துகொள்ளும். அந்தச் சின்ன அசைவுதான் பார்வையின் தொடக்கம்; அது நடக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆனால் நிமிர்ந்த ரெட்டினால் அதோடு உபயோகமற்றுப் போகிறது. அதைக் கழற்றி, செல்லுக்கு வெளியே, பின்னால் இருக்கும் கருநிறப் படலத்துக்கு அனுப்பி, அங்கே நொதிகள் அதை மறுபடி வளைத்து, திரும்ப அனுப்பி, புரதத்துக்குள் சொருக வேண்டும். 1876ல் ஃபிரான்ஸ் போல் என்பவர் இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும், வெளிச்சத்தில் கண்ணெதிரே வெளுத்துப் போவதையும் கவனித்தார். அதில் வைட்டமின் ஏ இருக்கிறது என்று 1930களில் கண்டவர் ஜார்ஜ் வால்ட். அதற்காகவும் அதைத் தொடர்ந்த வேலைக்காகவும் 1967ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்குழாயைத் திறந்தால் தொட்டி மளமளவென்று காலியாகும். நிரப்புவதோ அரை இன்ச் குழாய். அது நிரப்பும் வேகம் ஏறத்தாழ நிலையானது, அவசரம் என்றால் கூடாது. எவ்வளவு காலியாயிற்று என்பதைப் பொறுத்துத்தான் நிரம்பும் நேரம். வெயிலில் மணிக்கணக்காக அலைந்த கண் கிட்டத்தட்ட வறண்ட தொட்டி. முழுசாக நிரம்ப 30, 40 நிமிடம் ஆகும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் இருந்த கண் அந்த அளவுக்குக் காலியாகாது; கொஞ்ச நேரத்தில் ஈடுகட்டிவிடும். ராத்திரி நடுவில் போனை எடுத்து ஒரு நிமிடம் பார்த்ததற்கு அரைமணி நேரத் தண்டனை எல்லாம் இல்லை, சில நிமிடம்தான்.

தொட்டி உவமை சொல்லாத ஒரு விஷயமும் உண்டு. ரெட்டினாலை இழந்த புரதம் சும்மா இருப்பதில்லை. வெளிச்சம் இன்னும் பட்டுக்கொண்டிருப்பது போல மெல்லிய பொய்ச் சமிக்ஞையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் இருட்டறைக்குள் வந்துவிட்டீர்கள், ஆனால் விழித்திரையைப் பொறுத்தவரை வெயில் இன்னும் முழுசாக அணையவில்லை. அந்தப் பொய் வெளிச்சத்துக்கு ஏற்றாற்போல அது தன் கூர்மையைக் குறைத்தே வைத்திருக்கும். அதனால்தான் ரோடாப்சின் கொஞ்சம் குறைந்திருந்தாலே பார்வை அதற்கு மேல் பல மடங்கு மங்குகிறது.

இருட்டுக்குள் வந்தபின் முன்னேற்றம் இரண்டு தவணையில் வரும். முதல் சில நிமிடத்தில் கூம்பு செல்கள் தேறும். அவற்றின் நிறமி சீக்கிரம் திரும்பிவிடுகிறது. வெயிலில் இருந்து வந்து திண்ணையைத் தாண்டி நடையில் நிற்கும்போது முதலில் கிடைக்கும் பார்வை இதுதான். அதோடு ஒரு தேக்கம் வரும். ஏழெட்டு அல்லது பத்து நிமிடம் கழித்துக் குச்சி செல்கள் கூம்புகளை முந்தும், பார்வை மறுபடி ஏறத் தொடங்கும். கடைசியில் கண்ணின் கூர்மை ஆரம்பத்தில் இருந்ததைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் கூடியிருக்கும்.

இதற்கு எதிர்த்திசை, அதாவது இருட்டில் இருந்து வெயிலுக்கு வருவது, சுலபமான காரியம். புதிதாக எதையும் தயாரிக்க வேண்டாம்; இருப்பதை அடக்கினால் போதும். குச்சி செல்கள் உச்சத்தைத் தொட்டு ஒதுங்கிவிடும். கூம்பு செல்கள் தங்கள் கூர்மையைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் கூடும்போது செல்லுக்குள் கால்சியம் குறையும், அந்தக் குறைவே செல்லின் வேகத்தையும் பதிலின் அளவையும் திருத்திவிடும். இதற்கு ஒரு நொடியில் இருந்து சில நொடி வரை ஆகும். கண்மணி சுருங்குவதும் கூடவே நடக்கிறது. மீதமிருக்கும் கூச்சம் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும்.

அதோடு விழித்திரை ஒரு தந்திரமும் செய்கிறது. மொத்த வெளிச்சம் எவ்வளவு என்பதை மூளைக்குச் சொல்வதில் அது பெரிதாக அக்கறை காட்டுவதில்லை. பக்கத்தில் இருப்பதைவிட இது எத்தனை மடங்கு வெளிச்சம் என்பதையே முக்கியமாகச் சொல்கிறது. காலைப் பேப்பரை வீட்டுக்குள் ட்யூப்லைட்டில் படிக்கிறீர்கள். வெள்ளைத்தாள் மேல் விழும் 200 லக்ஸில் முக்கால் பங்கு திரும்பினாலும் 150. அதே பேப்பரை மதியம் வாசலில் வெயிலில் பிடித்தால், கறுப்பு எழுத்து வெளிச்சத்தில் 5 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது என்று வைத்தாலும் அது 5,000. வெயிலில் இருக்கும் கறுப்பு எழுத்தில் இருந்து, வீட்டுக்குள் இருக்கும் வெள்ளைத்தாளைவிட முப்பது மடங்கு அதிக வெளிச்சம் கண்ணுக்கு வருகிறது. ஆனாலும் எழுத்து கறுப்பாகவே தெரிகிறது. எனக்கு இந்தக் கணக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஏன் ஒரு பக்கம் இவ்வளவு வேகம், ஒரு பக்கம் இவ்வளவு மந்தம் என்று கேட்டால், என் பார்வையில் பதில் அந்தியில் இருக்கிறது. கடலூர் அட்சரேகையில் சூரியன் மறைந்த நேரத்தில் திறந்தவெளியில் சில நூறு லக்ஸ் இருக்கும்; அதிலிருந்து ரோட்டில் லைட் போடாமல் முடியாது என்ற நிலைக்கு வர ஏறத்தாழ 22 நிமிடம். கடைசிச் சொட்டு வெளிச்சமும் வானத்தைவிட்டுப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குச்சி செல்கள் நிரம்பும் வேகம் இந்த இறக்கத்தோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. லட்சக்கணக்கான வருஷமாக மனிதர்களுக்கு இருட்டு என்பது இப்படி இறங்கி வந்த ஒன்றுதான். ஸ்விட்சைத் தட்டினால் வரும் இருட்டு, முப்பது அடி தூரத்தில் முகத்தில் அடிக்கும் எல்இடி, இரண்டும் கண்ணுக்கு நேற்று வந்த விருந்தாளிகள்.

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அப்புறம் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது வளர்பிறை, நிலா இறங்கிய பிறகு தெருவில் நட்சத்திர வெளிச்சம் மட்டும்தான். முதல் நாள் எல்லோரும் டார்ச்சும் மெழுகுவர்த்தியும் தேடினார்கள். போகப்போக, ‘டார்ச் வேணாம், அணைச்சிடு, அப்பதான் நல்லாத் தெரியுது’ என்று பெரியவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். கண் புதிதாகப் பலம் பெற்றுவிடவில்லை. அதன் அரைமணி நேரத்தை யாரும் நடுவில் கலைக்கவில்லை, அவ்வளவுதான்.

தாழங்குடா, சோனங்குப்பம் பக்கம் விடிகாலையில் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டால் இது புதுச் செய்தியாக இருக்காது. படகில் வலையைச் சரிபார்க்கும்போது டார்ச்சை விரல்களால் மூடி, விரல் சதை வழியாகக் கசியும் வெளிச்சத்தை மட்டும் விடுவார்கள். யாராவது விவரம் தெரியாமல் முகத்தில் அடித்துவிட்டால் திட்டு நிச்சயம். விரல் வழியாக வரும் வெளிச்சம் சிவப்பு. குச்சி செல்கள் நீலப்பச்சைக்குத்தான் கூர்மையானவை. ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரிவதே இல்லை. அதனால் மங்கலான சிவப்பில் கூம்புகள் வேலை பார்க்கும், குச்சிகள் கலையாமல் இருக்கும். கப்பல்களில் ராத்திரி சிவப்பு விளக்கு வைப்பதும் இதற்காகத்தான்.

குச்சிகளுக்குச் சிவப்பு தெரியாது என்பதை உங்கள் வாசலிலேயே பார்க்கலாம். பகலில் செம்பருத்திப் பூ பளிச்சென்று, இலை அடங்கி இருக்கும். அந்தி கறுக்கும் நேரத்தில் பூ கன்னங்கரேல் என்று ஆகி, இலை அதைவிட வெளிறித் தெரியும். பூர்க்கின்யே என்ற செக் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துப் பூக்களில் கவனித்த அதே மாற்றம்.

இன்னொரு வேடிக்கையும் அங்கேயே இருக்கிறது. விழித்திரையின் நட்டநடுப் புள்ளியில், நாம் ஒன்றை உற்றுப் பார்க்கப் பயன்படுத்தும் இடத்தில், குச்சி செல்களே இல்லை. அவை அதிகம் நெருங்கியிருப்பது நடுவில் இருந்து 15, 20 டிகிரி தள்ளி. அதனால் மங்கலான நட்சத்திரத்தை நேராக முறைத்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் திரும்ப வரும். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை என்று எண்ணுகிறவர்கள் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்து எண்ணினால் ஒன்றிரண்டு கூடக் கிடைக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கு வெயில் நேரத்தில் போனால் வேறொரு அனுபவம். வெளியே கொதிக்கும் தரை, கோபுர வாசல் நிழல், தூண் மண்டபம், அதைவிட இருண்ட உள்மண்டபம், கடைசியில் எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் கருவறை. வரிசையில் நகர நகர வெளிச்சம் படிப்படியாகக் குறைகிறது. சந்நிதி வரும்போது கூம்புகள் தேறியிருக்கும், கற்பூரம் காட்டும்போது திருமுகம் தெளிவாகத் தெரியும். கண்ணை நினைத்துத்தான் இப்படிக் கட்டினார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டமே இல்லாத நாளில் விறுவிறுவென்று நேராகச் சந்நிதிக்குப் போய் நின்றால், கொஞ்ச நேரம் விளக்கு மட்டும்தான் தெரியும், சுவாமி தெரியாது.

இப்போது அப்பா விஷயம். எதிர்லைட் கண்ணில் அடிக்கும்போது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் வயசா நோயா என்பது தெரியும்.

ஒன்று, கண்ணுக்குள் ஒளி சிதறுவது. லென்ஸ் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் லைட் ஒரு புள்ளியாக விழும். வயதாகி லென்ஸ் மஞ்சளாகி, அங்கங்கே மங்கத் தொடங்கினால் அந்த ஒளி சிதறி விழித்திரை முழுவதும் வெள்ளைத்திரை போட்டது போல் பரவும். லைட்டைச் சுற்றி வட்டம், கோடு கோடாகக் கதிர்கள் என்று சொல்வார்கள். எதிர்வண்டி தாண்டிய மறுகணமே இந்தத் திரை விலகிவிடும்.

இரண்டாவது, கூம்பு செல்களின் நிறமி வெளுத்து, மீண்டும் தேறுவது. கண்ணுக்கு நடுவில் ஒரு கரும்பச்சைத் திட்டோ ஊதாத் திட்டோ மிதக்கும். இதுதான் வண்டி போன பிறகும் நிற்பது. கண்ணில் நேராக வெளிச்சம் அடித்துவிட்டு, எழுத்துப் பலகையைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் சோதனை எங்களிடம் இருக்கிறது. நல்ல கண்ணுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே ஆகும், 50 நொடியைத் தாண்டாது. தாண்டினால் விழித்திரையின் மையத்தைக் கவனித்துப் பார்ப்போம். பரிசோதனை வெளிச்சம் கடுமையானது, ரோட்டில் அவ்வளவு ஆகாது. ஆனாலும் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி என்றால் 80 மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தை அவர் குத்துமதிப்பாக ஓட்டுகிறார் என்று அர்த்தம்.

62 வயதுக்குச் சில கழிவுகள் எப்படியும் உண்டு. கண்மணி இளம் வயதில் போல விரியாது. லென்ஸ் மஞ்சள் பூத்திருக்கும். இரண்டும் சேர்ந்து, 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிறது. ரெட்டினால் திரும்பி வரும் பாதையும் வயதோடு மந்தமாகும். எழுபதுகளில் இருக்கும் ஒருவருக்கு முழுசாக இருட்டுப் பழக, இருபதுகளில் ஆவதைவிடப் பத்து நிமிடத்துக்கு மேல்கூடக் கூடுதலாக ஆகும்.

ஆனால் வயசு என்று சொல்லி மூடிவிடக் கூடாத காரணங்களும் இருக்கின்றன. முதல் சந்தேகம் கண்புரை. அடுத்து சர்க்கரை: அது விழித்திரையையும் தொடும், கண்மணியின் நரம்புகளையும் தொடும்; சர்க்கரைக்காகக் கண்ணில் நிறைய லேசர் செய்துகொண்டவர்களுக்கு ராத்திரிப் பார்வை குறைவது வழக்கம். மூன்றாவது, மையத்தில் வரும் மாகுலா கோளாறு. கண்ணீர் வறண்டு கருவிழியின் மேற்பரப்பு சொரசொரப்பானாலும் ஒளி சிதறும். இது சாதாரணமாகத் தோன்றுவதால் யாரும் கவனிப்பதில்லை.

குழந்தைகளுக்கு அந்தி நேரத்தில் தடுக்கினால் கதை வேறு. அது மாலைக்கண், வைட்டமின் ஏ பற்றாமல் ரோடாப்சின் செய்யச் சரக்கே இல்லாத நிலை. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை, ஈரல், மீன் எல்லாம் இதற்கு நல்லது; கீரையைக் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்தால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். ஒன்பது மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை அரசு கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தின் ஒன்பது வேளைகளையும் தவறவிடக் கூடாது. சத்து போதுமான அளவு இருப்பவர் கூடுதலாகக் கேரட் தின்பதால் ராத்திரிப் பார்வை கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சத்துக் குறைவே இல்லாமல் சின்ன வயதில் இருந்தே இருட்டில் பார்வை குறைந்துகொண்டே வந்தால் அது குச்சி செல்கள் அழியும் பரம்பரை நோயாக இருக்கலாம். அதற்கு விழித்திரை மருத்துவர்தான் வேண்டும்.

அப்பா ஓட்டுகிற ரோடு எனக்கும் பழக்கமானதுதான். ஆல்பேட்டையில் ஆற்றுப்பாலம் தாண்டியதில் இருந்து வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும். கூட்டுரோட்டில் கடைகளும் கம்பத்து விளக்கும் பளபளவென்று இருக்கும், நூறு அடி தள்ளினால் ஒன்றும் இருக்காது. அதனால் லைட் உள்ள இடத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் செய்வது நேர்மாறு. எதிரே ஹை பீம் வரும்போது அந்த லைட்டைப் பார்க்கவே கூடாது. பார்வை ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக்கோட்டில் இருக்கட்டும். அவன் டிம் பண்ணவில்லை என்று பதிலுக்கு நாமும் ஹை பீம் போடுவதால், இரண்டு குருடர்களை நேருக்கு நேர் விடுவதைத் தவிர வேறு லாபம் இல்லை.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு லைட்டைத் தாண்டிவிட்டு, அப்புறம் அந்தக் கண்ணைத் திறக்கலாமே என்று மேலே சொன்ன சோதனையைப் படித்தவுடன் சிலருக்குத் தோன்றும். விழித்திரைக் கணக்குப்படி சரி. ரோட்டில் வேண்டாம், தூரத்தை அளக்க இரண்டு கண்ணும் தேவை. ‘நைட் டிரைவிங்’ என்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும் வேண்டாம். அது கூச்சத்தைக் குறைப்பது போல ஒரு நிம்மதி தரும், ஆனால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பவர் கண்ணாடி போடுகிறவராக இருந்தால் ஒளியை எதிரொளிக்காத பூச்சு உள்ளதை வாங்குவது பிரயோசனம்.

பகலில் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, இதை யாரும் யோசிப்பதில்லை. கடற்கரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் வெறுங்கண்ணோடு இருந்தால் அன்று ராத்திரி இருட்டுப் பழகுவது பத்து நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும் என்று 1940களிலேயே அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். அப்பா பகலில் கொள்முதலுக்காக வெயிலில் அலைகிறவர் என்றால் நல்ல கூலிங் கிளாஸ் போடட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றினால், நீங்கள் முதலில் கேட்ட அந்தக் குருட்டு நேரமும் குறையும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வெயிலில் இருந்து வந்தவுடன் மாடிப்படி ஏற விடாதீர்கள். ஒரு நிமிடம் திண்ணையில் உட்காரட்டும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருப்பவருக்கு ட்யூப்லைட்டைப் போடுவதைவிட, தரைக்குப் பக்கத்தில் மங்கலான ஆரஞ்சு நிற நைட் லாம்ப் நல்லது. போகும்போதும் தெரியும், திரும்பிப் படுக்கையைத் தேடும்போதும் தெரியும்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, உங்களுக்கு இரண்டுமே எட்டும் தூரம்தான். ‘பார்வை மங்கல்’ என்று மட்டும் சொல்லாமல், எதிர்லைட் அடித்த பிறகு எத்தனை நொடி கழித்து ரோடு தெரிகிறது, லைட்டைச் சுற்றி வட்டம் வருகிறதா, இரண்டு கண்ணிலுமா ஒரு கண்ணிலா என்று அவரைக் கவனித்து வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் எழுத்துப் பலகையை மட்டும் படிக்கவைத்தால் இந்தக் குறை வெளியே வராமலே போய்விடும். சர்க்கரை அளவு பார்த்த சீட்டும், சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். ஹெல்மெட் வைசரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய கீறல்கள் வலைபோல இருந்தால், கண் சோதனைக்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள், பாதிப் புகார் அதிலேயே தீர்ந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனை நாளில் அநேகமாகச் சொட்டு மருந்து போடுவார்கள். நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும். அதனால் நீங்களும் கூடப் போங்கள். திரும்பும்போது வண்டியை நீங்கள் ஓட்டுங்கள்.